பதாகை சுற்றிய மோட்டார்சைக்கிள்

புது மோட்டார்சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று நான் ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். "இந்த வாகனம் ஒருபோதும் நிலத்தில் சாயாது." முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பு எதுவும் வரவில்லை. என் மனைவி பெற்றிசியா அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

தீர்மானம் மூன்று நாள் உயிரோடிருந்தது.

வாங்கித் தந்தவள் மகள் சுவேதினி. வவுனியா ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். என் வயது அறுபத்தொன்பது என்பதை அவள் மறக்கவில்லை. ஆகவே சாவியைப் பற்றி ஒரு நிபந்தனை வைத்தாள். தாயும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, ஒருக்கா விழுத்தினாலும் திறப்பு அம்மாட்டப் போகும். சொல்லிப்போட்டன்."

"பிள்ளை, பொலிஸ் துரத்தத் துரத்த மோட்டச்சைக்கிள் ஓடினவன் நான்."

"ஓம் அப்பா. அப்ப உங்களுக்கு இருவத்தாறு வயசு."

இந்தத் தலைமுறைக்கு வரலாறு தெரியாது. இருந்தாலும் சம்மதித்தேன். காரணம் சரவணமுத்து.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஐஸ் போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர்கள் பதினொரு பேர். இன்று மிச்சம் இரண்டு பேர். மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் நான். பாலம் தாண்டி, திருக்கேதீஸ்வரத்துக்கு அங்காலே ஒரு வயற்கிராமத்தில் சரவணமுத்து. அவருக்குக் கால் இரண்டும் இயலாது. அந்த ஊருக்குள் பஸ் போகாது. வெள்ளிக்கிழமைதோறும் போய் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, நாங்கள் வென்றதைப் பற்றியும் எங்களை மறந்தவர்களைப் பற்றியும் பேசவேண்டும். மறந்தவர்களின் பட்டியல் நீளமானது. ஒரு வெள்ளிக்கிழமை போதாது. திறப்பு என் கையை விட்டுப் போனால் அத்தனை வெள்ளிக்கிழமைகளும் போய்விடும்.

ஐஸ் போராட்டம் என்றால் என்ன என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மீன் வாங்க வந்த முதலாளி ஐஸைப் பூட்டி வைத்துக்கொண்டு, எங்கள் மீன் நாறும்வரை பொறுத்திருந்து விலை பேசினான். நாங்கள் வள்ளங்களை இழுத்து வந்து நடுவீதியில் போட்டோம். என்னைப் பதினான்கு நாள் மறியலில் பூட்டி வைத்தார்கள். நான் எழுதிய இரண்டாயிரம் துண்டுப்பிரசுரங்கள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எழுதியவன் உள்ளே. ஆனால் தோழர்களே, பிரசுரம் கிடக்கவில்லை! மாந்தைக்குப் போனது. திருக்கேதீஸ்வரத்துக்குப் போனது. தெற்கே முள்ளிக்குளம்வரை போனது. வயற்காரர் மாட்டுவண்டில்களில் வந்து அரசாங்கக் கந்தோர் வாசலில் எங்கள் மீனுக்காக நின்றார்கள். "மக்களே எடுத்தார்கள், மக்களே கொண்டு சென்றார்கள்!" இந்த வரிக்கு நான் நாற்பது வருடம் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது மேடை இல்லை. பெற்றிசியாவுக்குச் சொல்கிறேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே கேட்பாள். கைதட்டுவதில்லை.

நான் வெளியே வந்தபோது என் பழைய ஹொண்டாவின் இடப்பக்கம் நெளிந்து கிடந்தது. பொலிஸ்காரன் உதைத்திருக்கிறான். அதைப் பற்றித் தனியாக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். தலைப்பு: "இரும்பிலும் அடக்குமுறை." அதுதான் என் எழுத்தில் ஆகச் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த ஹொண்டா எத்தனை தரம் விழுந்திருக்கும்! விடியற்புறம் சுவரொட்டி ஒட்டப் போவோம். நான் ஓட, கோதுமை மாப் பசை வாளியோடு பெற்றிசியா பின்னால் இருப்பாள். மணலில் சறுக்கி இருவரும் விழுவோம். பசை அவள் தலைமயிரிலும் என் மீசையிலும் இருக்கும். அவள் சிரித்துச் சிரித்து எழும்ப மாட்டாமல் கிடப்பாள். ஹொண்டாவுக்கு என்ன ஆனது என்று அப்போது யார் பார்த்தார்கள்? இழக்க எதுவும் இல்லாத காலம். இப்போது இழக்க ஒரு திறப்பு இருக்கிறது.

சரி. மூன்றாம் நாளுக்கு வருகிறேன்.

புதன்கிழமை பகல். வீட்டிலிருந்து வீதிக்குப் போகிற எங்கள் ஒழுங்கை முழுவதும் மணல். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு கழுதை குறுக்கே நின்றது. மன்னாரில் கழுதைக்கு யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. அடித்தாலும் அது கேட்பதில்லை. நான் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகத்தான் வந்தேன். ஹாண்டிலைத் திருப்பினேன். முன் பிரேக்கைப் பிடித்தேன். இடக்காலை ஊன்றினேன். நிலம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் இருந்தது. மணல் இருந்த இடத்தில் என் கால் முழங்கால்வரை போனது.

பிறகு சரிந்தோம். அவசரமே இல்லை. சரிந்து முடிப்பதற்குள் ஒரு துண்டுப்பிரசுரம் வாசித்து முடித்திருக்கலாம். மணலுக்குள் ஒரு கல் கிடந்தது. ஒழுங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காத கல்.

பக்கத்து வீட்டு றஹீமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அல்லாவே! அண்ணன், கழுதைக்கு ஒண்டும் இல்லையே?"

"கழுதைக்கு என்ன? எனக்கு எண்டு கேளும்!"

"நீங்கள் பேசுறியள்தானே. அது பேசேல்ல."

இருவருமாகத் தூக்கினோம். முன் சிக்னல் லைற்றில் வெடிப்பு. கிளச் பிடி வளைவு. பெற்றோல் தாங்கியில் ஒரு விரல் நீளக் கீறல். எல்லாம் இடப்பக்கம்.

"றஹீமா, இது பெற்றிசியாவுக்குத் தெரியக்கூடாது."

"நான் வாய் திறக்க மாட்டன் அண்ணன்."

அன்று பின்னேரமே பாதுகாப்பு வேலை தொடங்கிவிட்டது. வீதித் தடை கட்டிய கை இது. ஹாண்டிலின் இரு முனையிலும் வலை மிதப்புகளைக் கட்டினேன். கால்மிதியிலும் கட்டினேன். ஸ்ராண்ட் மணலில் புதையாமல் கீழே ஒரு பலகை வைத்தேன். ஆனால் கீறல் தெரிந்தது. அலுமாரியைத் திறந்து போராட்டப் பதாகையை எடுத்தேன். சிவப்புத் துணி, வெள்ளை எழுத்து, பன்னிரண்டு முழம். தாங்கியிலிருந்து பின்லைற்வரை சுற்றினேன். "ஐஸ்" உள்ளே மடிந்துவிட்டது. "எங்கள் உரிமை" மட்டும் சீற்றின் மேல் தெரிந்தது. நைலோன் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அது. நங்கூரக் கயிற்றுக்குப் போடுவது. கடல் இழுக்க இழுக்க இறுகும். இந்தத் தீவில் அதைப் போடவும் அவிழ்க்கவும் தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதையும் பெற்றிசியாவுக்குச் சொல்லி வருகிறேன்.

அவள் வந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன இது?"

"பாதுகாப்பு."

"ஆரிட்ட இருந்து?"

"கழுதை வந்து உரசும். உப்புக்காத்து. வெயில்."

"மிதப்பு எதுக்கு? கடலுக்கு விடப்போறியளே?"

"நீ போய் உலையைப் பார்."

"உலை கொதிக்குது. நீங்கள்தான் வேர்க்கிறியள்."

வெள்ளிக்கிழமை வந்தது. மோட்டார்சைக்கிள் முற்றத்தில் பாதுகாப்பாக நின்றது. நான் அதற்குப் பக்கத்தில் பாதுகாப்பாக நின்றேன். சரவணமுத்து போனில் கூப்பிட்டார்.

"என்ன எமில், வரேல்லையே? கதிரை போட்டு வைச்சிருக்கிறன்."

"கடும் வெயில், சரவணை."

"எண்பத்திரண்டில நிழலே இருந்தது?"

போனை வைத்துவிட்டு முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினேன்.

சனிக்கிழமை காலையில் பெற்றிசியா கண் கலங்க என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ. ஒரு பிழை நடந்துபோச்சு. நேற்று நீங்கள் படுத்திருக்கேக்க, தூசி தட்டுவம் எண்டு துணியை அவிட்டனான். உங்கட மோட்டச்சைக்கிள் சரிஞ்சு விழுந்துபோச்சு. தூக்கி வைச்சுத் திரும்பவும் சுத்திக் கட்டிவிட்டனான்."

என் காதுக்குள் நூறு பேர் கைதட்டினார்கள். வரலாறு சில வேளை நீதி வழங்கும். நாற்பது வருடம் தாமதமாக வழங்கினாலும் வழங்கும். என் கீறலுக்கு ஓர் உரிமையாளர் கிடைத்துவிட்டார்! ஆனால் முகத்தில் காட்டவில்லை. குரலைத் தாழ்த்தினேன்.

"அழாதை, பெற்றி. ஆனா நிபந்தனை நிபந்தனைதான்."

"அது உங்களுக்கு எண்டுதானே பிள்ளை சொன்னவள்?"

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்!"

"ஒருக்கா விழுத்தினதுக்கும் மன்னிப்பு இல்லையோ?"

"இல்லை."

"வயசு போன ஆள், முந்திப் பாடுபட்ட ஆள் எண்டும் பாக்கமாட்டியளோ?"

"அப்பிடிப் பாக்கத் தொடங்கித்தான் எத்தனையோ சங்கம் அழிஞ்சது."

"அப்ப எழுதித் தாங்கோ. எனக்கு மறந்துபோகும்."

எழுதித் தா என்று யாரும் என்னைக் கேட்டுப் பல வருடம். பேனை தானாக ஓடியது. "வாகனத்தை விழுத்தியவர் எவராயினும், அவரது வயதோ கடந்தகாலச் சேவையோ கருதப்படாது, திறப்பின் மீதான உரிமையை நிரந்தரமாக இழப்பார். விழுத்தாதவரே திறப்புக்கு உரியவர்." கீழே கையெழுத்து: எமிலியானுஸ். திகதியும் போட்டேன். பெற்றிசியா அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டுக் குசினிக்குப் போனாள். அங்கே பாதி உரித்த வெங்காயம் ஒரு சுளகு நிறையக் கிடந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

ஞாயிறு பூசை முடிய சுவேதினி வந்து இறங்கினாள்.

"அவிழுங்கோ அப்பா, பாப்பம்."

நான் முற்றத்தின் நடுவில் நின்றேன். இப்படி ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று எவ்வளவு காலம்! வேலிக்கு அங்காலே றஹீமாவும் நின்றாள்.

"பார் பிள்ளை. உன்ர அப்பப்பாவின்ர முடிச்சு. இந்தத் தீவில இதை அவிழ்க்க என்னைவிட்டா ஆள் இல்லை!"

இரண்டு இழுப்பு. ஒரு சுழற்றல். கயிறு விழுந்தது. பதாகையை உருவினேன்.

"இந்தா, கிளச். இந்தா, சிக்னல். இந்தக் கீறலைப் பார். எல்லாம் உன்ர அம்மாவின்ர கைவேலை. நான் மன்னிச்சிட்டன். ஆனா எழுதினது எழுதினதுதான்."

சுவேதினி கீறலைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அப்ப அம்மா இதை எப்பிடி அவிட்டவ? பிறகு எப்பிடித் திரும்பக் கட்டினவ?"

நான் கயிற்றைப் பொறுக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்ல அண்ணன்!" என்று வேலிக்கு அங்காலிருந்து றஹீமா கத்தினாள்.

நான் பெற்றிசியாவைப் பார்த்தேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை பின்னேரம். இந்தப் பதாகையை 'என்ர சவப்பெட்டிக்கு மேல போடோணும்' எண்டு எழுதி வைச்ச மனிசன் நீங்கள். அதை எடுத்து ஒரு மோட்டச்சைக்கிளுக்குப் போத்தினா, அது உங்கட கையால செத்திருக்கு எண்டு விளங்காதே?"

"நீ பொய் சொன்னனி!"

"ஓம். சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறன். நீங்கள் கோயிலுக்கும் வாறேல்ல, உங்கட பொய்யை எங்க கொண்டுபோய்ச் சொல்லப்போறியள்?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். திறப்பைக் கொடுத்தேன். ஒரு கடைசி நம்பிக்கை எனக்கு இருந்தது.

"திறப்பை வைச்சு என்ன செய்யப்போறாய்? உனக்கு ஓடத் தெரியுமே?"

"லைசென்ஸ் போன வருசம் எடுத்தவ," என்றாள் மகள். "நீங்கள் கூட்டம் எண்டு போன நாளில."

பெற்றிசியா மிதப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். ஹெல்மெற்றைப் போட்டாள். மோட்டார்சைக்கிள் மணலில் இறங்கி, ஒழுங்கை முனைவரை போய், கழுதையைச் சுற்றி, திரும்பி வந்து என் காலடியில் நின்றது.

"மணலில முன் பிரேக் பிடிக்கக்கூடாது. காலை ஊண்டக்கூடாது. மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே போகோணும்," என்றாள்.

"இதெல்லாம் ஆர் உனக்குப் பழக்கினது?"

"மக்கள்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள், "ஏறுங்கோ. சரவணையண்ணை பாத்துக்கொண்டிருப்பார்." பின்னால் ஏறினேன். பாலத்தில் இரு பக்கமும் கடல் மினுங்கியது. காற்று அவள் சேலைத் தலைப்பை என் முகத்தில் அடித்தது. பசை வாளி இல்லாததுதான் குறை. நாற்பத்துமூன்று வருடத்தில் பின் சீற்றில் நான் இருப்பது முதல் தரம். இங்கிருந்து பார்த்தால் ஓடுகிறவரின் முதுகுதான் தெரியும். இத்தனை வருடம் அவள் என்ன பார்த்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

சரவணமுத்து கதிரையில் இருந்தபடி இரு கையையும் தூக்கினார். எனக்கு அல்ல.

"வாங்கோ தோழர், வாங்கோ! எவ்வளவு காலம்! அண்டைக்கும் இப்பிடித்தானே, எமில் மறியலில இருக்கேக்க துண்டுப்பிரசுரக் கட்டைப் பின்னால கட்டிக்கொண்டு இதே படலைக்கு வந்தனீங்கள். உந்த வாய்க்கால் மணலில ஹொண்டாவை விழுத்தி, இடப்பக்கம் நெளிஞ்சு, நாங்கள்தானே தூக்கிவிட்டனாங்கள்!"

பெற்றிசியா ஹெல்மெற்றைக் கழற்றிச் சிரித்தாள். பசை மயிரில் ஒட்டிய நாளில் சிரித்த அதே சிரிப்பு.

மாந்தை. திருக்கேதீஸ்வரம். முள்ளிக்குளம். இரண்டாயிரம் பிரசுரம். நாற்பது வருடமாக மேடைதோறும் நான் தேடிய மக்கள் என் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சரவணை," என்றேன், "அப்ப அந்த நெளிவு... பொலிஸ் உதைச்சது இல்லையே?"

சரவணமுத்து என் தோளில் கை வைத்தார்.

"கவலைப்படாதையுங்கோ எமில். 'இரும்பிலும் அடக்குமுறை' நல்ல பிரசுரம். நாங்கள் எல்லாரும் அதை வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சனாங்கள்."