கார்டின் பிறவிக் குணம்

புதன்கிழமை காலை பார்த்தபோது மெமரி கார்டில் உரையைக் காணோம்.

வீப்கே தன் குட்டி மடிக்கணினியை முறைத்தாள். முந்தின நாள்தான் அந்தக் கார்டில் எக்ஸ்ட்-2 என்ற கோப்பு முறையை, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாட்டைப் போட்டு, சனிக்கிழமை பேச வேண்டிய உரையை ஏற்றியிருந்தாள். இப்போது உரை மட்டுமல்ல, கோப்பு முறையே மாறியிருந்தது. அந்த இடத்தில் ஜம்பமாக உட்கார்ந்திருந்தது ஃபேட்.

ஃபேட் என்றாலே அவளுக்கு ஆகாது. கேமராவிலிருந்து கார் ரேடியோ வரை எல்லாமே படிக்கிற கோப்பு முறை அது; எக்ஸ்ட்டோ அவள் கணினி மாதிரி லினக்ஸ் கணினிக்குத்தான் புரியும். எல்லாருக்கும் நல்லவனை நம்பக் கூடாது என்பது அவள் கட்சி.

வட ஜெர்மனியில் லேர் ஊர் லினக்ஸ் இயங்குதள ஆர்வலர் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக அவள்தான் தலைவி. போன கூட்டத்தில் ஐலர்ட் என்ற உறுப்பினன், "இத்தனூண்டு கார்டுக்கு ஃபேட்டே போதும்" என்று சொல்லப்போக, இவள் துள்ளி எழுந்தாள்.

"அடுத்த கூட்டத்துல என் கார்டு மக்கர் பண்ணினா, தலைவர் பதவி உனக்கு!"

செயலாளர் அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டார். கூட்டக் குறிப்பில் ஏறியதை அந்த ஊரில் கடலே உள்ளே வந்தாலும் அழிக்க முடியாது.

"மூணாவது கோப்பை டீயைத் தொடாம எழுந்துட்டியே?" என்றான் கணவன் ஃபோக்கோ. ஓய்வு பெற்ற தபால்காரன். அந்த ஊரில் மூன்று கோப்பை குடிக்காமல் எழுவது பாதி விவாகரத்து.

"என் கோப்பு போச்சு!"

"கோப்பு போனா போகட்டும். கோப்பையை முடி."

"உனக்கு விளையாட்டு! தொழிற்சாலையில ஃபேட் போட்டுத்தான் கார்டை அனுப்புறாங்க. கொஞ்சம் அசந்தா பழைய புத்திக்குத் திரும்பிடுது. பிறவிக் குணம்!"

"பாவம்," என்று ஃபோக்கோ டீயில் இன்னொரு கற்கண்டைப் போட்டான். "என் கேமராவும் சரியில்ல. திரையில ஏதோ கேட்டுச்சு. எனக்கென்ன தெரியும், ஆமான்னு அமுக்கிட்டேன்."

"நல்லது. தினமும் அப்படியே அமுக்கு. என்னை விடு!"

அன்று ஃபேட்டை அப்படியே அழித்துவிட்டு எக்ஸ்ட்-3 போட்டாள். அது எதை எழுதினாலும் முதலில் குறிப்பேட்டில் குறித்துவிட்டுத்தான் எழுதும். கார்டு கொஞ்சம் தேயும், ஆனால் பத்திரம்.

வியாழக்கிழமை காலை மறுபடியும் ஃபேட்.

வீப்கே கார்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஃபேட்டின் வாசனையே இருக்கக் கூடாதென்று, முதலிலிருந்து கடைசிவரை ஏழு முறை சுத்தமாகத் துடைத்தாள். எழுத எழுதத் தேய்கிற சாமான் அது. அவள் பேசப்போகிற தலைப்போ, 'கார்டை நோகாமல் காப்பாற்றுவது எப்படி'. துடைத்துவிட்டு, புதிதாக வந்திருந்த எக்ஸ்ட்-4 போட்டாள்.

வெள்ளிக்கிழமையும் ஃபேட்.

இன்னும் ஏழு முறை துடைத்து, மறுபடி எக்ஸ்ட்-4 போட்டு உரையை ஏற்றிய பிறகுதான் கார்டின் ஓரத்தில் இருந்த நகக்கண் அளவு தாழ்ப்பாள் கண்ணில் பட்டது. தள்ளினால் கார்டில் யாரும் எதையும் எழுத முடியாது. தள்ளினாள். உடனே ஐலர்ட்டுக்குப் போன் போட்டாள்.

"என்ன ஐலர்ட், பதவியேற்புக்குச் சட்டை எடுத்துட்டியா?"

"இஸ்திரிகூடப் போட்டாச்சு, தலைவியம்மா."

"திரும்ப மடிச்சு உள்ள வை. இந்த ஜென்மத்துல அதுக்கு வேலையில்ல."

சனிக்கிழமை காலை அவள் கார்டைச் சரிபார்க்கவே இல்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பதெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்கள் வேலை. மூன்று கோப்பை டீயையும் நிதானமாகக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். கூட்டத்தில் கேக் உண்டு என்பதால் ஃபோக்கோவும் கூடவே வந்தான்.

முப்பத்திரண்டு உறுப்பினர்கள். செயலாளர் பேனாவைத் திறந்து தயாராக இருந்தார். வீப்கே கணினியைப் புரொஜெக்டரோடு இணைத்தாள்.

"நண்பர்களே, சரியான கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் கார்டு உங்களைக் கைவிடவே விடாது. இதோ!"

கார்டைத் திறந்தாள். சுவர் முழுக்க ஒரு முள்ளெலியின் பின்பக்கம் தெரிந்தது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஐலர்ட் எழுந்து இஸ்திரிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். செயலாளர் எழுத ஆரம்பித்தார். வீப்கேவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது... கார்டோட பிறவிக் குணம்..." என்றாள்.

கடைசி வரிசையில் ஃபோக்கோ கேக் தட்டோடு எழுந்து நின்றான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அட, நம்ம தோட்டத்து முள்ளெலி! வீப்கே, நாலு நாளா விடியக்காலையில உன் கார்டைக் கேமராவுல போட்டு, தாழ்ப்பாளிருந்தா தள்ளிவிட்டு, 'இந்தக் கார்டு புரியல, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா அமைக்கவா'ன்னு அது கேட்கிறப்பல்லாம் நீ சொன்னபடி ஆமான்னு அமுக்கி, படம் எடுத்துட்டுப் பத்திரமா திருப்பி வெச்சேன். இன்னைக்குத்தான் எந்தப் படுபாவியும் என் படத்தை அழிக்காம விட்டிருக்கான்!"