கண்ணை மூடிக்கொண்டு கடந்த கூண்டு

பதற்றம் வந்தால் சிலருக்கு நாக்கு குழறும். எனக்கு அறிவு பொங்கும். குழறுவதே மேல்.

எல்லாவற்றுக்கும் தேதி போட்டு டைரி எழுதுகிறவன் நான். ஆனால் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்கு இன்டர்வியூ போன நாளின் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘மழை. விவரம் அக்காவிடம்.’

படித்து முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தேன். இதுவும் போனால் எண்ணூர் மாமாவின் ஐஸ் கம்பெனிதான் என்று அம்மா தீர்ப்பு சொல்லியிருந்தாள். மேனேஜர் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லி அதன் எல்லா வடிவங்களையும் கேட்பார் என்று தெருவில் ஒருவர் கிளப்பிவிட்டார். (அந்த ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்காத மனுஷன்!) புயல் நேரம். ‘ஸ்டார்ம்’தான் வரும் என்று முடிவு கட்டினேன். ஸ்டார்ம், ஸ்டார்மி, கோபமாக வெளியேறினால் ‘ஸ்டார்ம்டு அவுட்’.

அக்கா ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். துறைமுகச் சாலை முழுக்க நான் பின்னால் கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டு வந்தேன்.

“வாய மூடுடா, மழத்தண்ணி உள்ள பூந்துகினு கீது!”

ஆபீசில் எனக்கு நாற்காலியைக் காட்டிய மேனேஜரின் காதில் போன். மறுமுனையில் யாரோ அவசரமாகக் கத்தினார்கள்.

“ஸ்டார்ம் எப்டிப்பா கீது? போர்ட் பக்கமாத்தானே வந்தே?”

எழுந்து நின்றேன். “ஸ்டார்ம் பெயர்ச்சொல் சார். வினையாகவும் வரும். ஸ்டார்ம்டு...”

“அது கெடக்கட்டும் நைனா. எத்தினியாம் நம்பர் கூண்டு ஏத்திக்கீறாங்க?”

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு! எங்கள் பக்கத்தில் பால் வாங்கப் போகிறவர்கூட அண்ணாந்து பார்த்து நம்பர் சொல்வார்.

“சார்... ஸ்டார்மி...” என்றேன்.

வாசலில் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்த அக்கா தலையை நீட்டினாள். “மூணாம் நம்பர் சார். இவன் கண்ணத் தொறந்தாத்தானே!”

மேனேஜர் போனில் “மூணு” என்று சொல்லி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “நீ இன்னாம்மா படிச்சிக்கீறே?”

“பி.காம். சார்.”

நாற்காலியைக் காலி செய்யச் சொல்லும் சங்கடம் அவருக்கு இல்லை. நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

கோபமாக வெளியேறலாம் என்றால் ஸ்கூட்டர் சாவி அக்காவிடம். அவளோ உள்ளே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள், என் பேனாவால்.

அக்கா இன்று அங்கே சீனியர். நான் ஐஸ் கம்பெனி. டைரியில் தினமும் தேதிக்குப் பக்கத்தில் கூண்டு நம்பர் எழுதுகிறேன். ஏற்றாத நாளில் ‘இல்லை’ என்று எழுதுகிறேன். ஆனாலும் என் முகம் கொஞ்சம் வாடினால் போதும், அம்மா சமையல்கட்டிலிருந்தே கேட்பாள்:

“இன்னாடா, மூஞ்சில எத்தினியாம் நம்பர்?”