எண்ணெய் பூசாத பெட்டி

அந்தச் சின்ன அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். தலையே போனாலும் சரி! வீட்டில் மிச்சமிருந்த ஒரே அறை அது. அதில் என் ஸ்பானர்கள், என் சாய்வு நாற்காலி, நான். இது என் திட்டம். என் மனைவியின் திட்டத்தில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. நான் இல்லை.

இரண்டு மாதமாக வாய்ச்சண்டை. ஒருநாள் காலையில் அவளுடைய பழைய இரும்புப் பட்டன் பெட்டியை என் கையில் கொடுத்தாள். பூவேலைப்பாட்டின் இண்டு இடுக்கெல்லாம் பிசுக்கு.

"இதை உங்க பட்டறையில சுத்தம் பண்ணிட்டு வாங்க. எண்ணெய் கிண்ணெய் பூசிடாதீங்க."

"ஏன்?"

"நான் பாத்துக்கறேன்."

என் பிழைப்பே அதுதான். இயந்திர பாகங்களை அல்ட்ராசோனிக் தொட்டியில் இறக்குவோம். கண்ணுக்குத் தெரியாத அதிர்வு, ஊசி போகாத இடத்து அழுக்கையும் உதறிவிடும். பிறகு அலசி, சூடான காற்றில் உலர்த்தி, சூட்டோடு சூடாக எண்ணெய் பூசவேண்டும். இதைச் சாப்பாட்டு வேளையில் நூறு தடவையாவது அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். "குளிச்சு வந்த இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி. வெறுங்கையால தொட்டா கைரேகை அப்படியே துருவாப் பதிஞ்சிடும். எண்ணெய் இல்லாம ரெண்டு நாள் விட்டா மொத்தமும் துரு!" அவள் கொட்டாவி விடுவாள். கேட்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

மாலையில் பெட்டியைப் பளபளவென்று கொண்டுவந்தேன். அவள் அதைத் துணியால் பிடித்து வாங்கினாள். உள்ளே போய்விட்டு வந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த பலகையில் வைத்தாள்.

"இதுக்குள்ள ஒண்ணு இருக்கு. பத்து நாள் திறக்காம இருந்தீங்கன்னா அறை உங்களுக்கு."

"திறந்தா?"

"மெஷின் குடிபோயிடும்."

"பூட்டு?"

"எதுக்கு? உங்களை நம்பறேன்."

சிரித்துக்கொண்டேன். அறை கைக்கு வந்த மாதிரிதான். நாற்காலியை எந்த மூலையில் போடலாம் என்றுகூட யோசித்தேன். ஐந்து நிமிடம்தான் யோசித்தேன். அதற்குள் மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. உள்ளே என்ன? பழைய காதல் கடிதமா? அதை நான் எழுதியதே இவளுக்குத்தானே! உட்கார்ந்தேன். எழுந்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தேன்.

"என்னங்க, இது ஏழாவது டம்ளர் தண்ணி."

"வெயில் கொளுத்துது."

"வெளியே மழை பெய்யுது."

பந்தயம் பத்து நாள். நான் தாங்கியது இரண்டரை மணி நேரம். பக்கத்து வீட்டம்மாவிடம் ஊசி வாங்க அவள் கிளம்பியதும் பாய்ந்தேன். பெட்டியின் மேல் கை வைக்கப் போன விநாடியில் பொறி தட்டியது. கைரேகை! அடிப்பாவி, என் பாடத்தை என் மேலேயே பிரயோகிக்கிறாயா? யாரிடம்? சாப்பாட்டுப் பையிலிருந்த பட்டறைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு திறந்தேன்.

காலி.

மூடினேன். பட்டறையில் உலர்த்திய பொருள் கையில் இருந்தால் அடுத்து என்ன செய்வேனோ அதைச் செய்தேன். பையில் எப்போதும் கிடக்கும் துருத்தடுப்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. பதினெட்டு வருடப் பழக்கம், கை தானாகப் போயிற்று. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதன் பிறகாவது நிம்மதி வந்ததா? இல்லை. காலிப் பெட்டியை எதற்கு வைத்தாள்? தூக்கத்தில்கூடப் புரண்டேன். சந்தேகம் வரக்கூடாதே என்று பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். ஒட்டடை அடித்தேன். அவளுடைய அக்காவிடம் போனில் அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

பத்தாம் நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"நான் தொடவே இல்ல. நல்லாப் பாரு! ஒரு கைரேகை இருக்கா?"

அவள் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல."

"பாத்தியா!"

"துருவும் இல்ல."

பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"குளிச்சு வந்த இரும்பு. பத்து நாள் மழை ஈரம். தினமும் தண்ணி தெறிக்கிற இடம். யாருங்க எண்ணெய் பூசினது? நான் பூசல."

கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தால்கூடத் தேவலை. எண்ணெயும் களவுமாகப் பிடிபட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்!

"எப்போ கண்டுபிடிச்சே?"

"மூணாம் நாளே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"பாத்திரம் கழுவிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அன்று மாலையே தையல் மெஷின் சின்ன அறைக்குக் குடிபோனது. தூக்கி வைத்தது நான்தான். மூச்சு வாங்க நிமிர்ந்தபோது என் கையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியைத் திணித்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மெஷினுக்குப் போட்டுடுங்க. உங்களுக்குத்தான் சொல்லாமலே வருதே!"