தங்களுக்கு மட்டும்

"எங்களுக்கு மட்டுந்தான் அனுப்புறோம்னு எழுதிட்டு, மேல இருவத்தோரு பேரு அட்ரசைப் போட்டிருக்கீரே! இது ஜாதகமா, ஓட்டர் லிஸ்ட்டாய்யா?"

போனில் கத்தியவர் கப்பலூர் மாப்பிள்ளையின் தகப்பனார். வாங்கிக் கட்டிக்கொண்டவர் உசிலம்பட்டி முத்துக்கருப்பன். மகள் ரோகிணிக்கு வரன் தேடி, தரகர் கொடுத்த இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே ஈமெயிலில் ஜாதகத்தை அனுப்பச் சொன்னவர் அவர்தான். 'தங்கள் குடும்பத்துக்கு மட்டுமே அனுப்புகிறோம்' என்ற வரியும் அவருடைய சொந்தச் சரக்கு.

"ஒருத்தருக்கொருத்தர் தெரியாம அனுப்பத் தெரியாதா ஒனக்கு?" என்று மகள் மேல் பாய்ந்தார்.

"அவசரத்துல பாக்கலப்பா." ரோகிணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனி எவன் பொண்ணு பாக்க வருவான்?" என்று மனைவி அழகம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

முத்துக்கருப்பன் உடனே ஒரு சமாளிப்புக் கடிதம் சொன்னார். 'மற்ற பெயர்கள் தவறுதலாக வந்துவிட்டன. நாங்கள் மனதில் வைத்திருப்பது தங்கள் மகனைத்தான்.' ரோகிணி மறுபடியும் மருதுவின் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பிவிட்டு வந்தாள்.

அதுவும் இருபத்தொரு பேருக்கும் மொத்தமாகவே போய்ச் சேர்ந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. ஆளாளுக்கு எல்லாருக்கும் பதில் போட்டார்கள். 'எங்கள் மகனையா, அவர்கள் மகனையா?' என்று கேட்டார் ஒருவர். பத்து வருடமாகப் பேச்சில்லாத பங்காளிகள் இருவர் அங்கேயே சண்டையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். தேனிக்காரரும் செக்கானூரணிக்காரரும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கப் பேசி முடித்து, முத்துக்கருப்பனுக்கு நன்றி வேறு சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபத்தொரு வீடும் கைகழுவிவிட்டது. பாவம், மனிதர் சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தார்.

திங்கட்கிழமை வாடிப்பட்டியிலிருந்து போன். பேசியவர் சிவக்குமார் என்ற பையனின் அப்பா.

"எங்களுக்கு மட்டுந்தான்னு எழுதியிருந்தீகளாமே, மகன் படிச்சுக் காட்டுனான். இம்புட்டு மரியாதை தெரிஞ்ச வீட்டை விடுவமா? வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாரோம்."

முத்துக்கருப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அச்செடுத்து வைத்திருந்த பதில்களை எல்லாம் புரட்டிப் பார்த்தார். மேலே இருந்த இருபத்தொரு பேரில் வாடிப்பட்டி இல்லவே இல்லை. ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு நேரே மருதுவிடம் போனார்.

"மருது, ஒன் மிசினு அம்புட்டுப் பேரையும் காட்டிக் குடுத்தாலும், சிவக்குமாரை மட்டும் யாரு கண்ணுலயும் படாமக் காப்பாத்திருச்சுடா!"

மருது ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"மிசினு என்னண்ணே பண்ணுச்சு? எல்லாரையுமே மறைச்சு அனுப்பலாம்னு நான் சொல்லிக் குடுத்தேன். ரோகிணிதான், 'வேணாம், இவரு ஒருத்தரு மட்டும் மறைஞ்சாப் போதும்'னு சொல்லிருச்சு."