உர்ர் சத்தம் போகட்டும்

வேலையை ஆரம்பிக்கவே மாட்டாதவர்கள் உண்டு. ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்லப்போவது மூன்றாவது ரகம். இவர் வேலையை முடித்துவிடுவார். பொருள் ஓடும். பார்த்தவர்கள் பிரமாதம் என்பார்கள். இவர் மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இன்னும் கொஞ்சம்தான்" என்பார். அந்தக் கொஞ்சம் எப்போது தீரும்? கேட்டுப் பாருங்கள், மேலே பாய்வார்.

கொரட்டூர் லட்சுமணனை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவர் செய்த சாமானில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர், அதையே வீட்டில் இலவசமாகச் செய்கிறவர். அவருடைய மனைவி நாகவல்லிக்கு ஒன்றரை வயதிருக்கும்போதே அப்பா தேவராஜ் இறந்துபோனார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு அவளுடைய அண்ணன் பருத்திப்பட்டிலிருந்து ஒரு தகர டப்பாவோடு வந்தார். உள்ளே, தேவராஜ் வேலை பார்த்த தொழிற்சாலை அந்தக் காலத்தில் எடுத்த படச்சுருள். அதில் தேவராஜ் ஒன்றரை நிமிடம் பேசுகிறார்.

லட்சுமணனிடம் பழைய புரொஜெக்டர் ஒன்று இருந்தது. மாட்டினார்கள். தேவராஜின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு கோடு உண்டு. அதன் வழியாக ஒரு சின்ன பல்பின் வெளிச்சம் போய் ஒளிக்கண்ணில் விழும். ஒளிக்கண் தரும் துளியூண்டு மின்சாரத்தை வாங்கிப் பெரிதாக்குவது ப்ரீஆம்ப். அதுதான் செத்துப் போயிருந்தது.

"கடையில குட்த்தா கம்ப்யூட்டர்ல ஏத்திக் குட்த்துடுவாங்களாமே?" என்றாள் நாகவல்லி.

கடையா? லட்சுமணன் உயிரோடு இருக்கும்போதா?

"ரெண்டு வாரம் டைம் குடு. புச்சா ஒண்ணு நானே பண்ணிடறேன்."

சும்மா சொல்லக் கூடாது, இரண்டே வாரத்தில் செய்துவிட்டார். அன்று சனிக்கிழமை, நாகவல்லி முகப்பேரில் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போயிருந்தாள். மாடி வீட்டு செங்கல்வராயன் சாட்சியாக உட்கார, பல்புக்கு முன்னால் ஒரு விசிட்டிங் கார்டை ஆட்டினார் லட்சுமணன். ஸ்பீக்கரில் டப் டப் என்றது. படத்தை ஓட்டினார். "வணக்கம். என் பேரு தேவராஜ்" என்றது ஸ்பீக்கர். கூடவே மெல்லிசாக ஓர் உர்ர்.

"அண்ணாத்தே! சோக்கா கேக்குது! அண்ணிக்கு போன் போடு!"

"உர்ருனு கீது பாரு. அது போவட்டும், கூப்புட்டுக்கலாம்."

அன்று பிடித்தது சனி. பல்புக்கு பேட்டரி கொடுத்தார், தகரப் பெட்டி செய்து எல்லாவற்றையும் மூடினார், ஒயர்களை முறுக்கினார், முறுக்கியதைப் பிரித்தார், டியூப்லைட்டைக் கழற்றினார், ஃபேனை நிறுத்தினார், சந்தேகத்தின் பேரில் ஃப்ரிட்ஜையும் அணைத்துப் பாலைத் திரிய வைத்தார். உர்ர் பாதியானது. பாதியிலும் பாதியானது. அது குறையக் குறைய இவர் காது கூர்மையாகிக்கொண்டே போனது. நாகவல்லி கேட்டால் இன்னும் கொஞ்சம்தான். அவள் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில்தான் ஓட்டிப் பார்ப்பார். இப்படியே எட்டு மாதம்.

ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தார். வாய் தன்பாட்டுக்கு ஓடியது. "வணக்கம். என் பேரு தேவராஜ். பதினோரு வருசமா லேத்துல கீறேன்..."

பின்னால் காபியோடு நாகவல்லி.

"இன்னா சொன்னீங்க இப்ப?"

லட்சுமணன் ரேசரைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா பேச்சு உங்களுக்கு மனப்பாடமே ஆயிட்ச்சா? எத்தினி வாட்டி கேட்டீங்க?"

"ஒரு முந்நூறு வாட்டி இருக்கும். டெஸ்டிங்குக்குத்தான் வள்ளி."

"நான் ஒரு வாட்டி கூட கேக்கலயே."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். அவள் கத்தவில்லை. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க."

"இல்ல, அந்த உர்ரு மட்டும்..."

"போடுங்கன்றேன்ல!"

ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓட்டினார். தேவராஜ் பேசினார். நடுவில் இரண்டு தடவை இருமினார். நம்மவர் கை தானாக ப்ரீஆம்பின் திருகுக்குப் போக, நாகவல்லி அதன் மேலேயே பட்டென்று ஒன்று வைத்தாள். படம் முடிந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"எங்கண்ணனும் இப்டித்தாங்க இருமும். அதே மாரி, ரெண்டு வாட்டி. அப்பா கிட்டர்ந்து வந்ததா அது!"

லட்சுமணனோ, உர்ர் போனதும் அடுத்தபடியாக அந்த இருமலை எப்படி நீக்குவது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு வைத்திருந்தார். அதைச் சத்தமில்லாமல் மேஜையிலிருந்து எடுத்துக் கசக்கினார்.

நீங்கள் இந்த ரகமே இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். இவ்வளவு நேரமும் உங்கள் மனம் எதைத் தேடிக்கொண்டிருந்தது: அந்த உர்ர் எங்கிருந்து வந்திருக்கும் என்றா, தேவராஜ் மேற்கொண்டு என்ன பேசினார் என்றா?