கன்னத்துக்கு வாங்கிய தேதி

மீன்காரி தனக்கொடி இரண்டு கை நெத்திலியைச் சும்மா கொடுத்த அன்றுதான் ழான்-மரிக்குத் தன் முகத்தைப் பற்றிய பயம் வந்தது.

வைத்திக்குப்பத்தில் அவளிடம் பதினெட்டு வருஷமாக மீன் வாங்குகிறவர் அவர். கொசுறாக ஒரு இறால் தலையைக்கூட அவள் யாருக்கும் போட்டதில்லை. அப்படிப்பட்டவள், "இந்தா பெருசு, இத்த கொழம்பு வச்சித் தின்னு. கன்னமெல்லாம் டொக்கு வுழுந்து பாக்கவே பாவமா கீது" என்று அள்ளிப் பையில் போட்டாள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அஞ்செலிடம், எந்தக் காலேஜில் படிக்கிறாய் என்று கேட்காததுதான் பாக்கி.

"ஓசியில வந்த மீனு. ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் அஞ்செல், வீட்டுக்கு வரும் வழியில்.

"தூக்கி வைக்க ஏது மூஞ்சி?"

ழான்-மரிக்கு ஐம்பத்தாறு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பிய சொல்தா. வந்தபோது கன்னம் இருந்தது. இப்போது சவரம் செய்யும்போது உள்ளிருந்து நாக்கால் முட்டுக் கொடுத்தால்தான் பிளேடு ஓடுகிறது. வயிறு மட்டும் சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கு நின்றது. டிசம்பரில் அவர்களுக்கு முப்பதாவது கல்யாண நாள். பூசை, விருந்து, அப்புறம் போட்டோ. அந்தப் போட்டோவில் இவள் பக்கத்தில் நான் யாராகத் தெரிவேன்? கன்னத்தைத் தின்று முடித்த கவலை, மிச்ச ஆளையும் தின்னத் தொடங்கியது.

ரகசியமாக ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஹேமலதா அவர் வயிற்றை மார்க்கெட்டில் பூசணிக்காயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நல்ல சரக்கு இருக்கு சார். இங்கேருந்து கொழுப்பை எடுத்து, சுத்தம் பண்ணி, கன்னத்துல ஊசியால வச்சிடுவோம். கொஞ்சம் கரைஞ்சிடும். மீதி நிக்கும். ரெண்டு மூணு வாரம் வீக்கம் இருக்கும்."

"எனக்கு வயிறு பெருத்தா, கன்னத்துல வச்சதும் பெருக்குமா டாக்டர்?"

"எடை ஏறினா அதுவும் ஏறலாம்."

அந்தப் பதில் அவரை நான்கு நாள் வாட்டியது. இருந்தாலும் அட்வான்ஸ் கட்டி, செப்டம்பர் இருபதாம் தேதியை வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குக்கூட அவர் இப்படித் தேதி குறித்ததில்லை. அதை மாமனார் குறித்தார்.

தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளினிக்கிலிருந்து ஞாபகப்படுத்தப் போன் வந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அஞ்செல் எடுத்தாள். மறுநாள் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போதுதான் ஆரம்பித்தாள்.

"கன்னத்துக்குத் தேதி வாங்கியிருக்கீங்களாம்."

அவருக்குப் புரையேறியது. "வந்து... சும்மா விசாரிக்கத்தான்..."

"ஏன் முழுங்குறீங்க? நல்லதுதானே. செஞ்சிக்கிங்க."

சண்டைக்குத் தயாராக இருந்த ழான்-மரி தடுமாறிப் போனார். "நிஜமாவா சொல்ற?"

"நிஜமாத்தான். ஒண்ணே ஒண்ணுதான் யோசனையா இருக்கு. அக்டோபர்ல காகிதம் வருமே."

ரசத்தில் இருந்த அவர் கை அப்படியே நின்றது.

காகிதம் என்றால் உயிர்ச் சான்று. பென்ஷன் வாங்கும் சொல்தா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று வருஷா வருஷம் பிரான்சுக்குக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் ஆபீசுக்கு நேரில் போய் நின்றால் போதும். சில வருஷமாகப் போனிலேயே முகத்தைக் காட்டுகிறார். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று அது சொல்லும். அடையாள அட்டையில் இருக்கும் முகத்தோடு ஒத்துப் போனால் அவர் உயிரோடு இருக்கிறார்.

"போன வருஷமே ரெண்டு வாட்டி நீங்க இல்லன்னு சொல்லிச்சி" என்றாள் அஞ்செல்.

"அது மூக்குக் கண்ணாடியால."

"கண்ணாடிக்கே ஆள் இல்லன்னு சொல்ற மெஷினு, கன்னத்துக்கு இன்னா சொல்லும்? காரைக்கால்ல நம்ம சொந்தக்காரப் பொண்ணு க்ளெமான்ஸோட மாமியாருக்கு நாலு பல்லு புடுங்கினாங்க. மெஷினு ஒத்துக்கல. எட்டு மாசம் பென்ஷன் வரல. நான் உயிரோடத்தான் இருக்கேன்னு அந்தம்மா எழுதினா, அத எழுதினது நீங்கதான்னு இன்னா அத்தாட்சின்னு பதில் வந்துச்சாம்."

"பல்லுக்கே எட்டு மாசமா?"

"நீங்க செய்ங்க. நான் வேணாம்னு சொல்லல."

மூன்று நாள் ழான்-மரி கடற்கரையில் போய் உட்கார்ந்து யோசித்தார். எங்கோ ஒரு பிரெஞ்சு குமாஸ்தா அவர் பெயருக்கு நேரே கோடு கிழிப்பது கண்ணில் தெரிந்தது. கன்னம் இல்லாமல் உயிரோடு இருப்பதா, கன்னத்தோடு செத்துப்போவதா? நான்காம் நாள் தேதியை விட்டுவிடத் தீர்மானித்தார்.

"போன் பண்ணி சொல்லணும். கூச்சமா இருக்கு" என்றார்.

"நீங்க ஏன் கூச்சப்படணும்? நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அஞ்செல். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரமே, அக்காளுக்கு முட்டி வலி என்று அவள் காரைக்காலுக்குப் புறப்பட்டபோது, பஸ் ஸ்டாண்டு வரை பெட்டி தூக்கிக்கொண்டு போனார்.

அக்டோபரில் காகிதம் வந்தது. நாக்கால் முட்டுக் கொடுக்காமல், உள்ள முகத்தை உள்ளபடி போனில் காட்டினார். முதல் தடவையிலேயே அவர் உயிரோடு இருப்பதாக அது ஒப்புக்கொண்டது. அந்த உற்சாகத்தில் நேரே கிளினிக்குக்கு ஓடினார். இப்போது செய்துகொண்டால் டிசம்பருக்குள் வீக்கம் வடிந்துவிடும். அடுத்த காகிதத்துக்கு ஒரு வருஷம் இருக்கிறது.

"டாக்டர் ஊருக்குப் போறாங்க சார். இனிமே ஜனவரிதான்" என்றாள் வரவேற்பில் இருந்த பூவிழி.

"செப்டம்பர் தேதியை வீணா வுட்டுட்டேனே."

"வீணாகலியே சார். உங்க தேதியில உங்க வீட்டம்மா பண்ணிக்கிட்டாங்க. உங்க அட்வான்ஸையும் அதுலயே சேத்துக்கச் சொன்னாங்க."

டாக்டர் அறைக் கதவு திறந்தது. காரைக்காலில் இருக்க வேண்டிய அஞ்செல் வெளியே வந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் ஏற்கெனவே நாற்பதாகத் தெரிந்தவள், இப்போது கணக்கில் பிடிபடாத ஒரு வயதில் இருந்தாள்.

"வீக்கம் வடியிற வரைக்கும் அக்கா வூட்ல இருந்தேன்" என்றாள். "காலையிலதான் வந்தேன். நல்லா இருக்கா?"

"உனக்கு மட்டும் மூஞ்சி மாறலாமா?"

"என் மூஞ்சிய எந்த கவர்மெண்டு கேக்குது? பென்ஷன் உங்களுதுதானே."

போனால் போகிறது, பென்ஷனாவது பிழைத்ததே என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது வாசல் வழியாக பெஞ்சமேன் உள்ளே வந்தார். இவரோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். பார்த்து வருஷக்கணக்காகிறது. இரண்டு கன்னமும் சுட்ட பன் போல இருந்தன.

"நீ எப்ப செஞ்சிக்கின?" என்றார் ழான்-மரி பதறிப்போய்.

"அது ஆவுது ரெண்டு வருஷம்."

"காகிதம்? மெஷினு ஒத்துக்குதா?"

"அதுக்கு இன்னா, ரெண்டு வருஷமும் மொத வாட்டியிலயே ஒத்துக்கிச்சி" என்று சொல்லிவிட்டு, பெஞ்சமேன் அஞ்செலைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "செப்டம்பர்ல உங்க வூட்டம்மா இதையேதான் போன் போட்டுக் கேட்டாங்க. ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னனே, உங்கிட்ட சொல்லலியா?"