பெயர் தெரியாத மருமகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இன்றைக்குப் பால்கனியைப் பிடித்தே தீருவது. இன்று விட்டால் என்றைக்கும் இல்லை.

இருபத்தாறு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதித்த மனிதர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு சாய்வு நாற்காலி. அதைப் பால்கனியில் விரித்து, காலை நீட்டி, கண்ணை மூட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வாங்கி வந்த நாளிலிருந்து அது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது, வீட்டில் அவரும் அப்படித்தான் என்பதுபோல.

காரணம், பால்கனியில் நாற்பத்தொரு பூந்தொட்டிகள். எண்ணியவள் அவர் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆகவே எண்ணிக்கையில் பிழை இருக்காது.

டீச்சருக்குச் செடி என்றால் உயிர். மண்ணுக்குள் விரலை இரண்டாவது கணு வரைக்கும் விட்டு, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். எங்காவது ஒரு மாவுப்பூச்சி வெள்ளையாகத் தென்பட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு தாமதம். கணவருக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் வந்தபோது, "மாத்திரை போட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனவள், ஓர் இலை மஞ்சளாகிப் போனதற்கு லீவு போட்டாள்.

நாற்பது தொட்டிகள் இருந்தவரைக்கும் பால்கனி ஓரத்தில் ஒரு நாற்காலி அளவுக்கு இடம் இருந்தது. அதை நம்பித்தான் நாற்காலி வாங்கினார். வாங்கி வந்த அன்றைக்கே, மூன்று வாரத்துக்கு முன்னால், அதிலும் மண் விழுந்தது. நர்சரியிலிருந்து நாற்பத்தொன்றாவது தொட்டி வந்தது. இதயம் மாதிரி இலை, சிவந்த தண்டு, எட்டியதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கொடி. பெயர் எழுதிய அட்டை எங்கோ விழுந்துபோய், விற்றவருக்கே அது என்ன செடி என்று தெரியவில்லை.

"பேர் தெரியலைன்னா என்ன? பையனுக்கு ஒரு பொண்ணு அமையற வரைக்கும் இதுதான் என் மருமக" என்று டீச்சர் அதை அந்த ஓரத்திலேயே குடிவைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளாகவே வழி காட்டினாள்.

"ஏங்க, உங்க புதுப் போன்ல படம் எடுத்தா செடி பேரைச் சொல்லுமாமே. மருமக பேரைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

ஞாயிறு காலை அவர் படம் எடுத்தார். போன் யோசித்து இரண்டு பதில் சொன்னது. முதல் வரி: பசலை வகைக் கொடி, அறுபத்தொரு சதவீதம். தீங்கு இல்லை, இலையைச் சமைக்கலாம். இரண்டாவது வரி: ஏதோ ஒரு நீளப் பெயர், இருபத்திரண்டு சதவீதம். நச்சுச் செடி. தின்றால் நாக்கு தடிக்கும், தொண்டை எரியும், பேச்சு நின்றுபோகலாம்.

'பேச்சு நின்றுபோகலாம்' என்ற இடத்தில் கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம் தயங்கினார். இது வீட்டில் வளர்க்க வேண்டிய செடியோ என்றுகூட ஒரு யோசனை ஓடியது. சட்டென்று சுதாரித்துக்கொண்டார். நமக்கு வேண்டியது பால்கனி. போனைச் சமையலறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் சூப் வந்தது. பச்சைப் பசேலென்று கீரை சூப். இரண்டு கிண்ணம் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உன் மருமக பேரைக் கண்டுபிடிச்சாச்சு."

"அப்படியா! என்னங்க பேரு?"

"பேரு வாயில நுழையாது. ஆனா இலை வாயில நுழைஞ்சா ஆளே காலி."

"என்னங்க சொல்றீங்க!"

"விஷம்மா, விஷம்! நாக்கு இப்படி வீங்கிடும். தொண்டை பத்தி எரியும். பேச்சு நின்னுடும். அப்புறம் ஒண்ணொண்ணா எல்லாமே நின்னுடும்."

"நெசமாவா?"

"போன் பொய் சொல்லுமா?"

"போன் சொல்லாது" என்றாள் டீச்சர். "எத்தனை சதவீதம்னு போட்டிருந்துச்சு?"

"நூறு."

"நூறா?"

"சரி, தொண்ணூத்தொம்பதுன்னு வெச்சுக்க. ஒரு சதவீதத்தை நம்பி வீட்டுல விஷத்தை வெச்சுக்க முடியுமா? இன்னிக்கே தூக்கி எறிஞ்சிடணும். அதோட விடக்கூடாது. மிச்சம் நாப்பதையும் ஒண்ணொண்ணா படம் எடுத்துப் பார்த்துடணும். எந்தப் புத்துல எந்தப் பாம்போ!"

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்காரருக்கு நெஞ்சுக்குள் நாற்காலி விரிந்தது. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எத்தனை கிண்ணம் குடிச்சீங்க?"

"ரெண்டு. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் கேட்ட?"

"காலையில மருமக கொடியிலேர்ந்து நாலு இலை பறிச்சேன்..."

"பறிச்சு?"

"சூப்புக்குக் கீரை பத்தாதோன்னு பார்த்தேன்..."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ குடிச்சியா?" என்றார் கண்ணாடிக்காரர். குரல் கீச்சென்று வந்தது.

"எனக்கு இன்னிக்குப் பசியே இல்லீங்க."

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறுபத்தொரு சதவீதம் அது வெறும் பசலை. ஆனால் அந்த இருபத்திரண்டு இப்போது அவர் வயிற்றுக்குள் அல்லவா இருக்கிறது! காலையில் நண்பனாக இருந்த எண் மத்தியானம் எமனாகிவிட்டது.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினார்.

மருமகளை மறுபடி படம் எடுத்தார். போன் யோசித்தது. பசலை முப்பது. நச்சுச் செடி ஐம்பத்தெட்டு.

வெளிச்சம் போட்டு இன்னொரு படம் எடுத்தார். இந்தத் தடவை போன் அதை வெற்றிலை என்றது. தொண்டை லேசாக எரிகிற மாதிரி இருந்தது. நாக்கு? நாக்கு வாய்க்குள் அடங்காத மாதிரி இருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி எடுக்கப் போக நேரமில்லை. போனைத் திருப்பி, நாக்கை வெளியே நீட்டி, அதையும் ஒரு படம் எடுத்தார்.

போன் உடனே சொன்னது: 'ஆந்தூரியம் என்னும் சிவப்பு மடல் பூ, எழுபத்துமூன்று சதவீதம். வீட்டுக்குள் வளர்க்க ஏற்றது. தினமும் தண்ணீர் தேவையில்லை.'

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. டீச்சர் புடவை மாற்றிக் கைப்பையோடு நின்றாள். பக்கத்தில் கீழ் வீட்டுப் பல் டாக்டர், கையில் சின்ன டார்ச்சோடு.

"உக்காருங்க சார். நாக்கை நீட்டுங்க."

நீட்டினார்.

"தடிச்ச மாதிரிதான் இருக்கு. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே. டீச்சர், உங்களுக்குத் தெரியுமா?"

"இவர் நாக்கு நீளம்னு தெரியும் டாக்டர். தடிமனைக் கவனிச்சதில்ல."

"ரெண்டும் எரியுது டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர். "தொண்டையும் எரியுது, வயிறும் எரியுது."

"நான் பல்லுக்குத்தான் டாக்டர். விஷம்னு உறுதின்னா ஒரு நிமிஷம்கூட இங்க நிக்கக்கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி. எமர்ஜென்சி. தேவைப்பட்டா மூக்கு வழியா குழாய் விட்டு வயித்துல இருக்கறதை வெளியே எடுப்பாங்க."

"மூக்கு வழியாவா?"

"ஆமா."

"எவ்வளவு நீளக் குழாய்?"

"மூக்குக்கும் வயித்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கோ, அவ்வளவு."

இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக்காரருக்கு மூக்கு என்பது கண்ணாடி நிற்கிற இடம் மட்டும்தான். அதற்குள் ஒருவர் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு வருவதை நினைத்தபோது காதுமடல் வரைக்கும் குளிர்ந்துபோயிற்று.

"உறுதியா தெரியலைன்னா?" என்றார் மெல்ல.

"உறுதியா தெரியாமலா தொண்ணூத்தொம்பதுன்னு சொன்னீங்க?" டீச்சர் அவர் கையிலிருந்த போனை வாங்கினாள். காலையில் அவர் எடுத்த முதல் படத்தைத் தேடி எடுத்தாள். அதை அவர் முகத்துக்கு நேராக, கையெட்டும் தூரத்தில் பிடித்தாள். கடையில் அவர் எல்லோரையும் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைப்பாரே, அச்சு அசல் அப்படி.

"மேல இருக்கற முதல் வரியைப் படிங்க."

கண்ணாடிக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"எழுத்து மங்கலா தெரியுதா? கிட்டக் கொண்டு வரட்டுமா?"

"தெரியுது..."

"தெரிஞ்சா படிங்க. டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்."

"பசலை வகைக் கொடி" என்று அவர் படித்தார். "அறுபத்தொண்ணு. தீங்கு இல்ல."

"அப்போ விஷம்?"

"ரெண்டாவது வரி."

"முதல் வரியை விட்டுட்டு ரெண்டாவது வரிக்கு ஏன் போனீங்க? ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்லுங்க. ஸ்டெப் இல்லாம விடை சொன்னா நான் மார்க் போட மாட்டேன்."

சொன்னார். நாற்காலி, பால்கனி ஓரம், நாற்பது தொட்டிகளையும் ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டப் போட்டிருந்த திட்டம், எல்லாவற்றையும் சொன்னார். பல் டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

"இப்ப சொல்லு" என்றார் கண்ணாடிக்காரர், அழுகை முட்டிக்கொண்டு வர. "நான் பொழைப்பேனா?"

"நீங்க குடிச்சது மார்க்கெட்ல வாங்கின கீரைங்க."

"அப்போ நீ பறிச்ச நாலு இலை?"

"பழுத்துப்போன இலை. குப்பையில போட்டேன்."

"சூப்புக்குக் கீரை பத்தாதோன்னு பார்த்தேன்னியே!"

"பார்த்தேன். பத்திச்சு."

"எனக்குப் பசியில்லைன்னியே!"

"நாலு வாழைப்பழம் தின்னா எப்படிங்க பசிக்கும்? நான் ஒரு பொய்யாவது சொன்னேனா, யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. நாக்கு பழையபடி வாய்க்குள் அடங்கியது.

"என் திட்டம் உனக்கு எப்படித் தெரியும்?"

"போனைத் திறந்து வெச்சு என் மிக்ஸி பக்கத்துல சார்ஜுக்குப் போட்டுட்டு நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கப் போனீங்க. ரெண்டு வரியும் படிச்சேன். நீங்க எதைச் சொல்லப் போறீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். முதல் வரியைச் சொல்லியிருந்தீங்கன்னா சூப்புக்கு அப்புறம் பாயசம்."

பல் டாக்டர் விடைபெற்றுப் போனார். படிக்கட்டில் அவர் சிரிப்பது இரண்டு மாடிக்கும் கேட்டது.

கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டீச்சருக்கு மனம் இளகிவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு சேருக்காகவா இவ்வளவு? வாயைத் திறந்து கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? நாளைக்கே அந்தச் சேரைப் பால்கனியில போட்டுடறேன். போதுமா?"

"நெசமாவா?"

"நான் எப்பங்க பொய் சொல்லியிருக்கேன்?"

திங்கட்கிழமை கடையில் அவருக்கு வேலையே ஓடவில்லை. கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டினார். சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையை மூடிவிட்டு, வழியில் ஒரு வார இதழும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். செருப்பைக் கழற்றுமுன் பால்கனிக் கதவைத் திறந்தார்.

சொன்ன சொல் தவறவில்லை. நாற்காலி பால்கனியில்தான் இருந்தது. நன்றாக விரித்து, மாலை வெயில் முழுசாக விழும்படி மேற்குப் பார்த்துப் போட்டிருந்தது. பக்கத்தில் டீச்சர் ஈரத்துணியோடு பூரித்துப்போய் நின்றாள்.

"அருமையான சேர்ங்க! தரையில இவளுக்கு வெயிலே எட்டல. இப்ப பாருங்க, மருமக எவ்வளவு சுகமா சாஞ்சிருக்கா!"